மூணாவது பட்டனைப் பார்க்காதீர்கள்: கல்லூரிக்குள் காலடி வைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் கணக்கும் இல்லை, இயற்பியலும் இல்லை. சீனியர் எதிரே வந்தால் அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது. நம் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். 'தேர்டு பட்டன்' என்று ஒரு வார்த்தைதான் சொல்வார்கள், தலை தானாகக் குனிந்துவிடும். குனிந்த தலைக்குத் தெரிவது எதிரே நிற்பவரின் கால் மட்டும். செருப்பை வைத்துத்தான் வந்திருப்பது யார் என்று கண்டுபிடிப்போம். தீபாவளி விடுமுறைக்குப் போகும்வரை எங்கள் பிளாக் சீனியர்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது, செருப்பு தெரியும்.

அதற்கு அங்கே வைத்திருந்த பெயர் மரியாதை.

இப்போது நான் ஒரு மாணவர் விடுதியில் துணைக் காப்பாளர். ஆண்டுதோறும் பெட்டியும் பக்கெட்டும் தலையணையுமாக வந்து இறங்கும் பிள்ளைகளிடமும், ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கும் அப்பா அம்மாக்களிடமும் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது. பயத்தை மரியாதை என்று நினைத்துப் பழகிவிட்டோம். இரண்டையும் பிரித்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்

சேர்க்கை நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி என்று இரண்டு இருக்கும். ஒன்று மாணவருக்கு, ஒன்று பெற்றோருக்கு. சில இடங்களில் இணையத்திலேயே நிரப்பச் சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தர வேண்டும். நான் பார்த்தவரையில் நூறு பேரில் தொண்ணூறு பேர் படிக்காமல் போடும் கையெழுத்து இதுதான். ஃபீஸ் ரசீதைக்கூட இரண்டு முறை படிக்கிறார்கள்.

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு பையன் இருக்கிறான். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். கொன்றது அதே கல்லூரியின் சீனியர் மாணவர். அந்த அதிர்ச்சியில்தான் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவருக்கு வேறு கல்லூரியிலும் இடம் கிடையாது. பிறகு 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிகளை வெளியிட்டது. நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழி அந்த விதிகளிலிருந்து வருவது.

அடிப்பதும் உடையைக் கழற்றச் சொல்வதும் மட்டும்தான் ராகிங் என்று பலர் நினைக்கிறார்கள். விதிகள் சொல்வது அதைவிட அகலம். ஜூனியரிடம் தன் ரெக்கார்டு நோட்டை எழுதச் சொல்வது ராகிங். கேன்டீன் பில்லை அவர் தலையில் கட்டுவதும் ராகிங். போனில் திட்டுவதும் அதில் சேரும். 2016-இல் ஒரு திருத்தம் வந்தது: சாதி, மதம், நிறம், பாலினம், பேசும் மொழி, ஊர், தோற்றம், வீட்டின் பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான். அந்த மாணவர் முதலாண்டாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆக, உங்கள் வகுப்புத் தோழனை நிறத்தைச் சொல்லி நீங்கள் கிண்டல் செய்தாலும் அதே விதி உங்கள் மேல் பாயும்.

அப்பா அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

படி 2: பெயரைக் கேளுங்கள், கேட்டபடி கூப்பிடுங்கள்

முதல் வாரம் முழுக்கப் பெயர்தான். பக்கத்தில் உட்காருபவர் பெயரைக் கேட்டு, அவர் சொன்னபடியே சொல்லப் பழகுங்கள். மணிப்பூரிலிருந்தோ மிசோரத்திலிருந்தோ வந்த மாணவரின் பெயர் நம் வாயில் நுழைய இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். 'உன் பேரு கஷ்டமா இருக்கு, ராஜான்னு கூப்பிடறேன்' என்பது உதவி இல்லை. வடக்கிலிருந்து வந்தவருக்கு 'வடக்கன்', கண் சிறுத்தவருக்கு 'சைனா' என்று பட்டம் வைப்பதை வைத்தவர் மறந்துவிடுவார். கேட்டவர் நான்கு வருடம் அதைச் சுமப்பார்.

சீனியரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது நம் வழக்கம், அதில் தவறே இல்லை. கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் 'ங்க' போடாமல் பேசவே மாட்டார்கள், கேட்க இதமாக இருக்கும். ஆனால் சீனியர் அதைக் கேட்டு வாங்கக்கூடாது. 'என்னை அண்ணான்னு சொல்லலையே' என்று ஒருவரை நிறுத்தி வைத்த நிமிடத்தில் உறவுமுறை போய்விடும், மிஞ்சுவது மிரட்டல்தான். வயதில் ஒத்தவர்களுக்குள் 'டேய்', 'மச்சான்' எல்லாம் இரண்டு பக்கமும் ஒப்பினால் சரி. சக மாணவியை 'வாடி போடி' என்பதற்கு முன் அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு சார், மேடம் என்பது எல்லோருக்கும் தெரியும். மெஸ்ஸில் பரிமாறுபவர், காலையில் கழிவறை கழுவும் அக்கா, இரவுக் காவலர், லேப் உதவியாளர் ஆகியோருக்கும் பெயர் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது. எங்கள் மெஸ்ஸில் தோசை ஊற்றிய பெரியவரை நான்கு வருடமும் 'மாஸ்டர், ஒரு முறுகல்' என்றே கேட்டோம். பிரிவு விழா அன்று அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தோம், மேடைக்குக் கூப்பிட மைக்கைப் பிடித்தவனுக்குப் பெயர் தெரியவில்லை. எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவரே மைக் பக்கம் வந்து சொன்னார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

படி 3: கேட்கக்கூடாத கேள்விகள்

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, முன்னால் இனிஷியல்தான். அதனால் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும்.

'எந்த ஊரு?'

'திருநெல்வேலி பக்கம்.'

'பக்கம்னா?'

ஊர் பெயர் வரும்.

'ஊர்ல எந்தத் தெரு?'

தெருவைச் சொல்லத் தயங்கினால், 'அப்பா பேரு என்ன? குலதெய்வம் எது?' என்று வேறு பக்கமாக வருவார்கள். நான்காவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும். அப்புறம் மெஸ்ஸில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது மெதுவாக மாறும். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊர் கேட்பது தப்பா என்று கேட்பீர்கள். இல்லை. எந்த ஊர் என்றதும் 'அங்கே மழை எப்படி, அல்வா எந்தக் கடையில் நல்லா இருக்கும், பஸ் எத்தனை மணி நேரம்' என்று பேச்சு போனால் அது ஊர் கேட்பது. தெருவுக்குப் போனால் அது வேறு. உங்களிடம் அப்படிக் கேட்டால் 'அது எதுக்குங்க?' என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு கூட்டம் சேர்வது பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கல்லூரிக்கு வரும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டே வாருங்கள்.

இரண்டாவது கேள்வி, கட் ஆஃப். 'எவ்வளவு மார்க்? ஓ, கோட்டாவா?' அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தில் வந்தவர் முதல் பருவத்தில் ஆங்கில வகுப்பில் திணறுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எட்டாவது பருவத்தில் அவரிடம் நோட்ஸ் கேட்டு வரிசையில் நின்ற அதே ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பணம். உதவித்தொகை வாங்குபவர்கள் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இதில் தவறு ஆசிரியர்கள் பக்கம்தான். வகுப்புப் பிரதிநிதியாக இருந்தால் அந்தப் பட்டியலை நீங்களே வாங்கி, உரியவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 4: அறைக்குள் ஓர் ஒப்பந்தம்

விடுதிச் சண்டைகளில் பெரும்பகுதி அலாரம், ஃபேன், பக்கெட் ஆகிய மூன்றில் முடியும். கொள்கைச் சண்டையை நான் இதுவரை தீர்த்து வைத்ததே இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கும் மூன்று பேரோ நான்கு பேரோ உட்கார்ந்து சிலவற்றைப் பேசி ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். விளக்கு எத்தனை மணிக்கு அணையும்? அலாரம் எத்தனை முறை அடிக்கலாம்? போனில் பேச வராந்தாவா, உள்ளேயா? யார் எந்த நாள் பெருக்குவது? கேட்காமல் எடுக்கக்கூடியவை எவை? (என் அறையில் ஊறுகாய் பொது, துண்டு தனி.)

சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒருவர் வீட்டிலிருந்து கருவாட்டுத் தொக்கு கொண்டு வருவார், இன்னொருவருக்கு அந்த வாசம் ஆகாது. 'மூடி இறுக்கமா இருக்கட்டும், சாப்பிடும்போது ஜன்னலைத் திறந்துக்கலாம்' என்று சொல்வது ஒத்துப்போவது. 'இதெல்லாம் மனுஷன் சாப்பிடறதா' என்பது அவருடைய அம்மாவைச் சொல்வது. நோன்பு இருப்பவர் அதிகாலையில் எழுவார், சபரிமலைக்கு மாலை போட்டவர் விடியுமுன் தலைக்குக் குளிப்பார். இரண்டுக்கும் சத்தம் வரும். கதவைச் சாத்தும்போது மெதுவாகச் சாத்தச் சொல்லுங்கள், போதும்.

படி 5: வகுப்பிலும் ரெக்கார்டிலும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ப்ராக்ஸி, அதாவது வராதவருக்காக வருகைப் பதிவில் குரல், கொடுக்காதீர்கள். நண்பனுக்காகத்தான் என்றாலும், மாட்டும்போது இருவரும் மாட்டுவீர்கள். அடுத்தவர் எழுதியதைத் தன் பெயரில் கொடுப்பது பள்ளியில் காப்பி, ஆராய்ச்சியில் கருத்துத் திருட்டு. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்குவதற்கு உங்கள் துறை என்ன விதி வைத்திருக்கிறது என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குழுத் திட்டப்பணி மட்டும் தனி. ஐந்து பேர் பெயர் போட்டு ஒருவர் உழைப்பது நம் கல்லூரிகளின் நீண்டகாலப் பழக்கம். உழைப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார், பிரசன்டேஷனில் பேசுபவர் ஆணாக இருப்பார். முதல் சந்திப்பிலேயே யார் எதைச் செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள். செய்தவரே அந்தப் பகுதியைப் பேசட்டும்.

படி 6: போன்

இப்போதெல்லாம் என் அறைக்கு வரும் புகார்கள் பாதிக்கு மேல் வாட்ஸாப்பிலிருந்துதான். போன வருடம் ஒன்று. திக்குவாய் உள்ள ஒரு பையன் செமினார் எடுத்தான். யாரோ வீடியோ எடுத்தார்கள். அவன் ஒரு சொல்லில் சிக்கி வாய் திறந்து நின்ற அந்த நொடி, அன்று மாலைக்குள் ஸ்டிக்கராகிவிட்டது. மூன்று குழுக்களில் ஓடியது. யாராவது தாமதமாகப் பதில் போட்டால் அந்த ஸ்டிக்கரை அனுப்புவார்கள். ஒரு வாரம் கழித்து அவன் தங்கையின் போனுக்கே வந்தது. அதற்கப்புறம்தான் அவன் என்னிடம் வந்தான்.

செய்தவனைக் கூப்பிட்டேன். 'விளையாட்டுக்குத்தான் சார்' என்றான். எல்லோரும் சொல்லும் பதில் அது. உன் போனில் உள்ள எல்லா ஸ்டிக்கரையும் அந்தப் பையன் முன்னால் ஒவ்வொன்றாக அழி, எங்கெங்கே அனுப்பினாய் என்று அவனிடம் சொல், அந்தக் குழுக்களில் நீயே எழுது என்றேன். மூன்றாவது குழுவில் எழுதும்போது அவன் கை நடுங்கியது. மன்னிப்புக் கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். கடிதம் எனக்கு எழுதுவது, இது அந்தப் பையனுக்குச் செய்தது.

விதி எளிது: ஒருவர் முகம் இருக்கும் படத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள், ஸ்டிக்கராக்காதீர்கள். ஆசிரியர் படத்துக்கும் இதுவேதான். வகுப்புக் குழுவில் இரவு 10-க்கு மேல் ஃபார்வேர்டு வேண்டாம். மாணவியரின் எண்ணைக் குழுவிலிருந்து எடுத்துத் தனியாக 'ஹாய்' போடுவதை நட்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: 'வேண்டாம்' என்றால்

காதல் வரும் வயது, வரட்டும். ஒரு முறை கேட்கலாம். 'இல்லை' என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், அத்தோடு முடிந்தது. நம் சினிமா பல வருடமாகச் சொல்லிக்கொடுத்தது வேறு: பின்னாலேயே போ, பஸ் ஸ்டாப்பில் நில், நண்பர்களை விட்டுப் பேசு, கடைசியில் சம்மதிப்பாள். விருப்பமில்லை என்று தெரிவித்த பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும் நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. அவளுடைய இணைய நடமாட்டத்தை வேவு பார்ப்பதும் அதிலேயே அடங்கும். நண்பனுக்காகத் தூது போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கேட்டுக்கு வெளியே

பேருந்தில் ஏறினால் நீங்கள் தனி ஆளாக இருப்பதில்லை, முதுகில் கல்லூரிப் பெயர் தொங்குகிறது. சென்னையில் 'ரூட்டு தல' (வழித்தடத் தலைவன்) என்றும் 'பஸ் டே' என்றும் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. எந்த வழித்தடம் எந்தக் கல்லூரிக்கு என்று பிரித்துக்கொண்டு, கூரைமேல் ஏறி, கானா பாடி, எதிர்க் கல்லூரிக்காரனைக் கண்டால் அடித்துக்கொள்வது. 2019 ஜூனில் பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பேருந்துக்குள் வேலைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள் என்பதை யாரும் படம் பிடிக்கவில்லை.

கானா பாடுவதை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். உட்கார்ந்து பாடுங்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற வருகிற பெண்களைக் கிண்டல் செய்வது பாட்டில் சேராது. 1998-இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி அப்படி ஓர் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் 'விளையாட்டில்' உயிரிழந்தார். அதன் பிறகுதான் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

படி 9: தவறு நடந்துவிட்டால்

தவறு உங்களுடையதென்றால் அன்றே போய்ச் சொல்லுங்கள், ஆளை நேரில் பார்த்து. 'நீ தப்பா எடுத்துக்கிட்டா ஸாரி' என்பது மன்னிப்பு இல்லை, பழியைத் திருப்பிக் கொடுப்பது. 'நான் இப்படிச் சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது' என்பது போதும். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள்.

பாதிக்கப்பட்டது நீங்கள் என்றால், முதலில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள். செய்தி வந்த போனில் எதையும் அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். அப்புறம் யாரிடம் போவது என்பது விஷயத்தைப் பொறுத்தது.

ராகிங் என்றால் காப்பாளர், துறைத் தலைவர், கல்லூரியின் ராகிங் எதிர்ப்புக் குழு. அங்கே சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் நாள் முழுவதும் உண்டு. குற்றம் நடந்திருக்கிறது என்று தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமை காவல் துறையில் புகார் பதிய வேண்டும் என்பது 2009 விதி. 'உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் இந்த வரியை நினைவூட்டுங்கள்.

பாலியல் தொந்தரவு என்றால் உள்ளகப் புகார்க் குழு. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணமிருந்தால் அவகாசம் நீட்டிப்பார்கள். ஆண்களும் திருநங்கையரும்கூடக் கொடுக்கலாம். மதிப்பெண், கட்டணம், சான்றிதழைப் பிடித்து வைப்பது, பாகுபாடு போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கிறது. 2023 விதிகளின்படி அது 15 வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். புகாரின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். அலுவலகத்தில் 'போட்டுட்டுப் போங்க, பார்த்துக்கறோம்' என்பார்கள். நகலை நீட்டிக்கொண்டே நில்லுங்கள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு: கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சண்டை போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 'டேய், உன்னை சார் கூப்பிடறார்' என்று மாட்டிக்கொண்டவனை அங்கிருந்து நகர்த்திக்கொண்டு போனால் போதும். எந்த சார் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

படி 10: நீங்கள் சீனியர் ஆகும் நாள்

இந்தப் படியில்தான் நான் வழுக்கினேன். இரண்டாம் ஆண்டு தொடங்கிய வாரம், நூலகப் படிக்கட்டில் ஒரு முதலாண்டுப் பையன் என்னைக் கண்டதும் நின்று தலையைக் குனிந்தான். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. 'நிமிர்ந்து நில்லுடா' என்றும் சொல்லவில்லை. அவன் குனிந்தே நிற்க, நான் கடந்து போனேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதனால் இப்போது எங்கள் விடுதியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். புதியவர்கள் வரும் நாளில் வாசலில் நின்று, பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்து, முதலில் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, தேவையானதைச் சொல்ல வேண்டும். காலையில் தண்ணீர் வருவது ஐந்தரையிலிருந்து ஏழு வரைதான். இரண்டாவது மாடி கடைசிக் குளியலறையில் தாழ்ப்பாள் சரியில்லை, பக்கெட்டை அண்டை கொடுக்க வேண்டும். ஜெராக்ஸுக்கு எதிர்க்கடை வேண்டாம், பின் கேட் அக்கா கடைக்குப் போகலாம். மெஸ்ஸில் ஞாயிறு இரவு சாப்பாடு கிடையாது, சனிக்கிழமையே பிஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தோசை ஊற்றுபவர் பெயர் முருகையா.